கும்பகோணத்தில் 130, டெல்லியில் 172: கெட்டது மெஷினா, குளிரா, மாத்திரையா?

காவேரிக்கரை:

அப்பாவுக்கு 72 வயது. நவம்பர் கடைசியில் கும்பகோணத்திலிருந்து மயூர் விஹாருக்கு எங்களோடு இருக்க வந்தார். பத்து வருஷமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் டெல்மிசார்டான் 40, ராத்திரி அம்லோடிபின் 5. ப்ராஸ்டேட்டுக்காகப் படுக்கும் முன் டாம்சுலோசின் 0.4. சர்க்கரை இல்லை.

ஊரில் எப்போது பார்த்தாலும் 130-ஐ ஒட்டித்தான் இருக்கும். இங்கே வீட்டு மெஷின் ஒரு நாள் 148/82 காட்டியது, மறுநாள் 166/90, பத்து நிமிஷம் கழித்து அதே கையில் 155. போன சனிக்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் 172/88. அம்லோடிபினை 10 ஆக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை.

மெஷின் நாலு வருஷப் பழசு, மேல்கையில் சுற்றுவது. குளிர் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார், கையை மேலே சுருட்டிவிட்டுத்தான் பார்க்கிறோம். மார்கழி என்பதால் ஐந்து மணிக்கே குளித்துக் கோயிலுக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்ததும் பிபி பார்ப்பது வழக்கம். இரண்டு வாரமாகச் சளி, அதற்கு மாத்திரையும் கஷாயமும் ஓடுகிறது.

ஊர் உயரம் மாறினால் மெஷின் மாற்றிக் காட்டுமா? குளிரில் இவ்வளவு ஏறுமா? 10 கொடுக்கலாமா?

வெயிலோன்:

டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு என்ன யோசனை, 10 கொடுத்துவிடுங்கள். 170-க்கு மேலே போனால் அரை மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால் அரை மணியில் இறங்கும். எங்கள் காலனியில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பொதுவைத்தியர்:

நாக்கடி யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே யாராவது செய்துவிடக் கூடாது. அம்லோடிபின் நிதானமான மருந்து. விழுங்கிய பின் ரத்தத்தில் உச்சத்தைத் தொட 6 முதல் 12 மணி நேரம் ஆகும், நாக்கடியில் வைத்தால் அது அவசர மருந்தாகிவிடாது. அரை மணியில் இறங்கியதாகத் தெரிவது பெரும்பாலும் அந்த அரை மணி உட்கார்ந்திருந்ததால்தான். ஒரு காலத்தில் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்கடியில் பிழிந்துவிடுவார்கள். அழுத்தம் தடாலென்று விழுந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. அதனால்தான் அதைக் கைவிட்டார்கள்.

இனி காவேரிக்கரைக்கு. குளிரில் பிபி ஏறும், சந்தேகமே வேண்டாம். தோலுக்கு அடியில் இருக்கும் சிறு ரத்தக்குழாய்கள் உடம்புச் சூட்டைக் காப்பாற்றச் சுருங்குகின்றன, குழாய் குறுகினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. கும்பகோணத்தில் ஜனவரி விடிகாலையும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். டெல்லியில் 6, 7 என்று போகும். இங்கே வீடுகள் வெயிலை மனசில் வைத்துக் கட்டியவை, ஹீட்டர் போடாத அறை உள்ளுக்குள்ளேயே சில்லிட்டுக் கிடக்கும். ஆனால் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் மேல் எண்ணில் சராசரியாக 5 அளவுதான். வயதானவர்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் கூடுதலாக இருக்கலாம், 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் 130 எங்கே, 172 எங்கே? மீதி 30-க்குக் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. அதைத் தேடிப் பிடிக்காமல் மாத்திரையைக் கூட்டினால், இல்லாத பிபிக்கு மருந்து கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி இருக்கிறது. சுருட்டிய ஸ்வெட்டர் அக்குளுக்குக் கீழே கயிறு கட்டினதுபோல் இறுக்கும். அதற்குக் கீழே பட்டையைச் சுற்றினால் வருகிற எண்ணை நம்ப முடியாது. ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றுவதும் தப்பு. ஒரு கையை மட்டும் ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, தோளில் சால்வையைப் போர்த்திவிடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டைக் கை ஒற்றை மடிப்பாக இருந்தால் பாதகமில்லை.

அடுத்தது நேரம். விடிகாலைக் குளியல், வெறுங்காலோடு சில்லென்ற கல்தரை, நடை, திரும்பி வந்து மூச்சு ஆறுவதற்குள் பட்டை. அந்த நிமிஷத்தில் அவர் பிபி 160 இருந்தாலும் அது பொய் இல்லை, ஆனால் மருந்தைத் தீர்மானிக்க உதவுகிற எண்ணும் இல்லை.

சரியான முறை இது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பிக்கும் மாத்திரைக்கும் குளியலுக்கும் முன்னால். நிரம்பிய மூத்திரப்பையே எண்ணை ஏற்றிவிடும், ப்ராஸ்டேட் உள்ளவர்களுக்கு இது முக்கியம். அறையைக் கொஞ்சம் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். முதுகு சாய நாற்காலியில் 5 நிமிஷம் சும்மா உட்காரட்டும். கட்டில் விளிம்பு வேண்டாம். இரண்டு பாதமும் தரையில், காலுக்குக் கீழே ஒரு மிதியடி, கால் மேல் கால் கூடாது. கை மேஜை மேல் படிந்திருக்க வேண்டும், பட்டையின் நடு மார்புக்காம்பு மட்டத்துக்கு வர வேண்டும். இந்த உயரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஆனால் கணக்குத் துல்லியமானது. கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் எண் 7, 8 கூடும், அவ்வளவே உயர்ந்தால் அவ்வளவே குறையும். மடியில் கையை வைத்துப் பார்த்தாலே எண் எகிறுவது இதனால்தான். மேஜை தாழ்வாக இருந்தால் முழங்கைக்குக் கீழே தலையணையை மடித்து வையுங்கள்.

பார்க்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் "எவ்வளவுப்பா?" என்று கேட்கக் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள், இரண்டையும் எழுதுங்கள். சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் இதேபோல் இரண்டு. ஏழு நாள். முதல் நாளை அடித்துவிட்டு மீதி ஆறு நாளின் 24 எண்களுக்குச் சராசரி எடுங்கள். கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85. இந்தச் சராசரிதான் அவர் பிபி. தனி எண் எதுவும் அவர் பிபி அல்ல, 172-உம் சரி, ஊரில் பார்த்த 130-உம் சரி.

இன்னும் இரண்டு வேலை. முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். அதிகம் காட்டுகிற கையில்தான் இனி எப்போதும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப 15-க்கு மேல் வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது. இரண்டாவது, உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிஷத்திலும் 3 நிமிஷத்திலும் பாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். டாம்சுலோசின் எடுப்பவருக்கு இதைப் பார்க்காமல் பிபி மாத்திரையைக் கூட்டக் கூடாது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழும்போது அவர் விழப்போகிறார் என்று அர்த்தம்.

10 கொடுக்கலாமா என்பதை அவரை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுக்கவில்லை என்பதை மட்டும் மறைக்காமல் நாளைக்கே போனில் சொல்லி, ஏழு நாள் கணக்கோடு வருவதாக அவகாசம் கேளுங்கள். தெரிந்துகொள்ள இரண்டு விஷயம்: அம்லோடிபினைக் கூட்டினால் முழுப் பலன் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து ஏமாறுவதில் பயனில்லை. 10-க்குப் போகும்போது கணுக்கால் வீக்கம் வர நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தக்குழாய் விரிந்து கசிகிற வீக்கம் அது, உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. அதற்கு நீர் மாத்திரை சேர்த்தால் வீக்கம் போகாது, வேறு வம்புதான் சேரும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, தாங்க முடியாத தலைவலி, இவற்றில் ஒன்று வந்தால் மெஷினைத் தேடாதீர்கள். 112-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதுவும் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் 180/120-ஐத் தாண்டினால், அமைதியாக உட்காரவைத்து ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். கூடுதல் மாத்திரை வேண்டாம்.

கருவிக்காரன்:

ஊர் உயரத்துக்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை. வெளிக்காற்றை விட எவ்வளவு அதிகம் என்றுதான் அது அளக்கிறது, சுவிட்சைப் போட்டதும் வெளிக்காற்றைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். டெல்லியே கடல் மட்டத்திலிருந்து இருநூறு சொச்சம் மீட்டர்தான். சுவிட்ச் போடும்போது பட்டைக்குள் மிச்சக் காற்று இருந்தால் மட்டும் அந்தச் சுழியம் கெடும். அதனால் ஒரு தடவை பார்த்ததும் பட்டையைக் கையால் அழுத்தி முழுக்கக் காற்றை வெளியேற்றிவிட்டு அடுத்த தடவை.

டாக்டர் காதில் வைத்துக் கேட்பதுபோல் இந்த மெஷின் கேட்பதில்லை. பட்டைக் காற்று இறங்கும்போது நாடித் துடிப்பு அந்தக் காற்றில் சின்ன அதிர்வாகத் தெரியும். அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த அதிர்வின் ஏற்ற இறக்கத்திலிருந்து உள்ளே கணக்குப் போட்டு எடுப்பவை. ஆகவே கை நடுங்கினாலும், குளிரில் உடம்பு உதறினாலும், துடிப்பு ஒழுங்கு தவறினாலும் கணக்குத் தப்பும். திரையில் ஒழுங்கற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால் மெஷினைத் திட்டாதீர்கள், ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

முதலில் அப்பா கையை அளங்கள். தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில், தையல் டேப்பால். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கு உரியது. அளவு பட்டையின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். கை 32-ஐத் தாண்டினால் பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டும், அதே கம்பெனியுடையதே வாங்க வேண்டும், ஏனென்றால் உள்கணக்கு அந்தப் பட்டைக்குத்தான் அமைத்திருக்கிறது. சின்னப் பட்டை எப்போதும் ஏற்றித்தான் காட்டும். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே பட்டையின் கீழ் விளிம்பு. டியூப் உள்ளங்கைப் பக்கமாக நடுவிரல் நேருக்கு இறங்க வேண்டும். சுற்றிய பின் ஒரு விரல் நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது.

குளிர் மெஷினையும் பாதிக்கும். பெரும்பாலான வீட்டு மெஷின்களின் கையேட்டில் 10 முதல் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்றுதான் போட்டிருக்கும். பால்கனிப் பக்கம் இரும்பு பீரோவில் ராத்திரி முழுக்கக் கிடந்ததை எடுத்த எடுப்பில் போடாதீர்கள். அரை மணி அறையில் இருக்கட்டும், டியூபும் விறைப்பு விட்டு இளகும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. நாலு பேட்டரி மெஷினில் இந்த வித்தியாசமே ஒரு வோல்ட்டைத் தாண்டும். பம்ப் இழுத்து இழுத்து ஓடினால், பாதியில் நின்று மறுபடி ஏற்றினால், முதலில் பேட்டரி, அடுத்து டியூப் நுனியில் வெடிப்பு. நுனியில்தான் விடும். அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகிப் பார்க்கலாம்.

மெஷின் சரியா என்று சோதிக்க, அதைக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். ஒரே கை, ஒரு நிமிஷ இடைவெளி, மாற்றி மாற்றி: உங்களுடையது, அவர்களுடையது, உங்களுடையது, அவர்களுடையது. வித்தியாசம் 5-க்குள் என்றால் நிம்மதி. 5 முதல் 10 என்றால் இன்னொரு நாள் சோதியுங்கள். 10-க்கு மேல் தொடர்ந்து என்றால் மாற்றிவிடுங்கள். இரண்டு கையில் இரண்டு மெஷினை ஒரே சமயத்தில் கட்டிப் பார்ப்பது வேலைக்காகாது. ஒரு சின்னக் குறிப்பு: கிளினிக்கில் இருப்பது முள் வைத்த வட்ட டயல் என்றால், காற்று இல்லாதபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த டயல் 8-இல் நின்றுகொண்டிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மணிக்கட்டு மெஷின் மலிவு என்று போய்விடாதீர்கள், கை உயரம் கொஞ்சம் பிசகினாலும் அதில் எண் ஓடிவிடும்.

மருந்தாளுநர், முனிர்கா:

அந்தச் சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இங்கே கடையில் கேட்டதும் கொடுக்கும் சளி மாத்திரையில் சாதாரணமாக மூன்று சேர்ந்திருக்கும்: பாரசிட்டமால், குளோர்ஃபெனிரமைன், ஃபினைல்எஃப்ரின். மூன்றாவது மூக்கடைப்புக்காக ரத்தக்குழாயைச் சுருக்குவது. அம்லோடிபின் விரிக்கப் பார்க்கும், இது சுருக்கும். அதோடு, ஃபினைல்எஃப்ரினும் குளோர்ஃபெனிரமைனும் ப்ராஸ்டேட் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக் கூடியவை, டாம்சுலோசின் எதற்காகக் கொடுக்கிறார்களோ அதற்கு நேர் எதிர். சளிக்கு ஆவி, உப்புநீர் மூக்குச் சொட்டு, காய்ச்சல் இருந்தால் வெறும் பாரசிட்டமால் போதும். அதிலும் தண்ணீரில் நுரைத்துக் கரையும் ரகம் வேண்டாம், ஒரு மாத்திரையிலேயே 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கும்.

கஷாயத்தில் அதிமதுரம் போடுகிறீர்களா? சுக்கு, மிளகு, துளசி, சித்தரத்தை பற்றி எனக்குக் கவலையில்லை. அதிமதுரம்தான். இங்கே முலேட்டி என்று எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும், குளிர்காலத்தில் வேரைக் கடித்துக்கொண்டே திரிவார்கள். அதிலுள்ள கிளிசிரைசின், கார்டிசால் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. விளைவு, உடம்பு உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே விடும், பிபி ஏறும். தினமும் இரண்டு வாரம் குடித்தால் போதும். நிறுத்தினாலும் பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். இருமலுக்கு நல்லதுதான், பிபிக்காரருக்கு அல்ல.

முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். குளிரில் மூட்டு வலி கூடும், கேட்காமலே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இரண்டும் பிபியை ஏற்றும், டெல்மிசார்டானின் வேலையைக் கெடுக்கும், நாளடைவில் சிறுநீரகத்தையும்.

இன்னொன்று. அப்பா கிழமை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுவைப்பவரா? டெல்மிசார்டான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மாத்திரை. அட்டையிலிருந்து எடுத்து வைத்தால் ஓரம் உப்பி, விரலில் ஒட்டும், பிட்டால் பொடியாகாமல் பிசுக்கென்று மடங்கும். விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும். டப்பாதான் வேண்டும் என்றால் அட்டையைக் கத்திரியால் சதுரம் சதுரமாக, அலுமினியம் கிழியாமல் வெட்டி அப்படியே போடுங்கள்.

டெல்லி வந்து மாத்திரை தீர்ந்து புதிதாக வாங்கியிருந்தால் பெயரின் வாலைப் பாருங்கள். அதே பெயருக்குப் பின்னால் ஏஎம் என்று இருந்தால் உள்ளே அம்லோடிபினும் சேர்ந்திருக்கும், ஹெச் என்றால் நீர் மாத்திரை. தனியாக அம்லோடிபினும் எடுத்துக்கொண்டு ஏஎம் அட்டையும் வாங்கிவிட்டால், யாரும் எழுதிக் கொடுக்காமலே 10 ஆகிவிடும். ஜன் ஔஷதி கடையில் வாங்கினாலும் மூலப்பெயரும் மில்லிகிராமும் பார்த்து வாங்கினால் போதும், கம்பெனி மாறியது பற்றிப் பதற வேண்டாம்.

காவேரிக்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. கையை அளந்தேன், 33.5. பட்டையில் 22-32 என்று போட்டிருக்கிறது. பெரிய பட்டை வாங்கிவிட்டேன். சளி மாத்திரையில் ஃபினைல்எஃப்ரின் இருந்தது, நிறுத்திவிட்டோம். கஷாயத்தில் அதிமதுரம் இருந்தது, அதுவும் போயிற்று. வலி மாத்திரை இல்லை. டப்பா உண்டு, டெல்மிசார்டான் சொன்னது போலவே ஓரம் உப்பிக் கிடந்தது. கிளினிக்கில் பேசினேன், ஒரு வாரக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

முதல் நாளை விட்டு ஆறு நாள், ஒவ்வொன்றும் இரண்டு தடவையின் சராசரி. காலை மேல் எண்: 148, 144, 146, 142, 145, 143. சாயங்காலம்: 134, 131, 133, 130, 132, 132. கீழ் எண் காலையில் சராசரி 82, சாயங்காலம் 76. இரண்டு கையும் ஏறக்குறைய ஒன்றுதான். நின்று பார்த்ததில் ஒரு நாள் 144/82 இருந்தது, 3 நிமிஷத்தில் 121/74. லேசாகத் தலை சுற்றுகிறது என்றார். மறுநாளும் 20 இறங்கியது.

பொதுவைத்தியர்:

காலைச் சராசரி 145, சாயங்காலம் 132, மொத்தம் 138/79. எல்லையான 135-ஐ ஒரு மயிரிழை தாண்டியிருக்கிறது, அதுவும் நடு ஜனவரியில், அதிமதுரம் உடம்பை விட்டு முழுக்கப் போவதற்குள். 172-ஐ நம்பி 10 கொடுத்திருந்தால், நிற்கும்போது ஏற்கெனவே 121-க்கு விழுகிறவர் எங்கே போய் நின்றிருப்பார் என்று பாருங்கள்.

இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 23 தான். டாக்டரிடம் போகும்போது காகிதத்தின் முதல் வரியாக அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் உட்கார்ந்து பார்த்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை கூடும். டாம்சுலோசின் ஒரு காரணம், நேரத்தையோ மருந்தையோ மாற்றலாமா என்று அவர் பார்க்கட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். இன்னொரு காரணம் தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது, ராத்திரி எழ வேண்டுமே என்று ப்ராஸ்டேட்காரர்கள் பகலிலும் குடிக்க மாட்டார்கள். காலை முதல் சாயங்காலம் ஆறு வரை வெதுவெதுப்பாகக் குடித்து முடித்துவிட்டு அதற்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். ராத்திரி எழும்போது கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் பத்து தடவை அசைத்துவிட்டு எழட்டும். கழிவறை வரைக்கும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொல்வார்கள், பார்த்துவிடுங்கள். டெல்மிசார்டானுக்கும் வேண்டும், அதிமதுரத்துக்கும் வேண்டும். காலையில் அதிகம், சாயங்காலம் குறைவு என்பது டாக்டருக்கு உதவுகிற தகவல். புது மருந்து இல்லாமல் நேரத்தை மாற்றியே சரிசெய்ய முடியுமா என்று பார்க்கலாம். அட்டையிலிருந்து நேராக எடுத்த டெல்மிசார்டானோடு இரண்டு வாரம் போனபின் இன்னொரு ஏழு நாள் கணக்கு எடுங்கள்.

மார்கழி முடிந்துவிட்டது, ஆனாலும் ஐந்து மணிக் கோயில் பழக்கம் விடாது. விடிகாலைப் பனிமூட்டத்தில் புகையும் தரையை ஒட்டித் தேங்கி நிற்கிறது, பிஎம் 2.5 என்ற நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு, குளிர்காலத்தில் டெல்லி அதைப் பல மடங்கு தாண்டும். தூசியும் பிபியை ஏற்றும். பத்தரை மணி வெயிலுக்குக் கோயில் நடையை மாற்றுங்கள். கம்பளி சாக்ஸோடு பிரகாரம் சுற்றினால் சுவாமி ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடுப்படி:

யாரும் உப்பைத் தொடவில்லையே. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன் கூட முழுசாக இல்லை. சாம்பார், ரசம், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து. இதை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, டப்பாவால் முடியும். நாலு பேர் வீடு என்றால் 600 கிராம் உப்பைத் தனியாக ஒரு பாட்டிலில் கொட்டி முப்பது நாள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர், முப்பது நாள், ஆளுக்கு 5 கிராம். எத்தனையாவது நாள் காலியாகிறது என்று பாருங்கள், அப்பளம், ஊறுகாய், ரொட்டி, நம்கீன் இதில் சேரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் முப்பது நாள் வராது.

ஊரிலிருந்து வந்த பெட்டியில் மோர் மிளகாய், வடாம், மாவடு, நார்த்தங்காய் எல்லாம் வந்திருக்குமே. கரோல் பாக்கிலும் கிடைக்கும் என்றாலும் அவரே சுமந்து வந்ததை அவரே சாப்பிடுவார். நார்த்தங்காய் ஒரு துண்டைத் தண்ணீரில் அரை மணி ஊறப்போட்டுக் கொடுத்தால் உப்பு கொஞ்சம் இறங்கும், புளிப்பு இருக்கும். அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான், சுட்டாலும் பொரித்தாலும் ஒன்றே. இந்துப்பு நல்லது என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அதுவும் உப்புதான், அயோடின் மட்டும் இருக்காது.

மருந்தாளுநர், முனிர்கா:

அடுப்படி சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டான் ஏற்கெனவே பொட்டாசியத்தைப் பிடித்துவைப்பது. ரத்தப் பரிசோதனை வந்து டாக்டர் சரி என்று சொல்லாமல் அந்த உப்பை அப்பாவுக்கு ஆரம்பிக்காதீர்கள்.

காவேரிக்கரை:

பெட்டியில் நார்த்தங்காய் இரண்டு கிலோ இருந்தது. கடைசியாக ஒன்று: ஏப்ரலில் ஊர் திரும்புகிறார். இங்கே டாக்டர் மருந்தை ஏதாவது கூட்டினால் அதை அங்கேயும் அப்படியே தொடரலாமா?

பொதுவைத்தியர்:

அப்படியே தொடர்ந்தால்தான் ஆபத்து. சுருங்கிய குழாய்கள் வெயிலில் விரியும், வியர்வையில் உப்பும் நீரும் போகும், ஜனவரிக்குச் சரியாக இருந்த அளவு ஏப்ரல் கும்பகோணத்துக்கு அதிகமாகிவிடும். கிளம்புவதற்கு முன் மார்ச்சில் ஒரு ஏழு நாள் கணக்கு, ஊர் போய் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று, இரண்டிலும் நின்று பார்க்கும் எண்ணோடு. மேல் எண் 110-க்குக் கீழே வந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ அன்றைக்கே அங்குள்ள டாக்டரைப் பார்க்கட்டும். டெல்லிச் சீட்டில் மருந்தைக் கூட்டிய தேதியையும் அதன் பக்கத்தில் "குளிர்காலம்" என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஊர் டாக்டருக்கு அது போதும். பெரிய பட்டையையும் மறக்காமல் கூடவே அனுப்புங்கள்.